கையடக்க ஸ்கேனர்: தடைக்காலம் முடிந்து எடுத்தேன், பத்து நிமிடத்தில் அணைந்துபோகிறது

பவர்குப்பம்
ஜூன் 17, இரவு 10.40

வணக்கம். காசிமேட்டில் இருந்து எழுதுகிறேன். கப்பலில் வேலை பார்த்த என் மாமா ஓய்வு பெற்று வந்தபோது ஒரு கையடக்க ஸ்கேனர் கொடுத்தார், அதாவது அலைவரிசைகளைத் தேடித் தேடிக் கேட்கும் ரேடியோ. இரண்டு பென்சில் பேட்டரி, 500 சேனல் மெமரி, தலையில் பிஎன்சி (செருகித் திருகிப் பூட்டும் இணைப்பு) ஆன்டெனா. பேச முடியாது, கேட்க மட்டும்தான். போன வருடம் ஹாம் (பொழுதுபோக்கு வயர்லெஸ்) பரீட்சை எழுதி உரிமம் வாங்கியதே இதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசையில்தான். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை நம் ஹாம் ஆட்கள், 156.800-இல் கடல் வயர்லெஸ்ஸின் 16-ஆம் சேனல், இந்த இரண்டும்தான் அதிகம் கேட்பேன்.

அண்ணன் விசைப்படகில் போகிறார். அவர்கள் படகு கரையை நெருங்கும்போது வயர்லெஸ்ஸில் பேசுவது எங்கள் மாடியில் கேட்கும். விடியற்காலை நாலு மணிக்கு அம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு செட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அந்தக் குரல் வந்தால்தான் எழுந்து உள்ளே போவார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் படகு போகாது என்பதால் செட்டைத் துணியில் சுற்றி பீரோ மேல் வைத்துவிட்டேன். நேற்று முன்தினம் படகுகள் புறப்பட்டதும் எடுத்தேன். மூன்று கோளாறு:

செட் ஆன் ஆகிறது, பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. வால்யூமைக் கூட்டினால் அந்த நொடியே அணைகிறது. அன்று மாலையே புது பேட்டரி வாங்கிப் போட்டேன், அப்போதும் அதேதான். சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித் தாளை மடித்து ஸ்பிரிங்கில் செருகியதும் ஒரு மணி நேரம் ஓடியது. ஆனால் பின்மூடி சூடானது.

அடுத்தது, மாலை ஆறு மணிக்கு மேல் ஸ்குவெல்ச் (பேச்சு இல்லாதபோது இரைச்சலை அடக்கும் திருகு) வழக்கமான இடத்தில் அடங்க மாட்டேன் என்கிறது. உஸ்ஸென்று ஒரே இரைச்சல். இன்னும் திருகினால் இரைச்சல் போகிறது, கூடவே தூரத்துக் குரலும் போய்விடுகிறது.

மூன்றாவது, ஹாம் சேனல்களை ஸ்கேன் செய்யும்போது ஓர் இடத்தில் நின்று சினிமாப் பாட்டு கேட்கிறது. மொட்டை மாடியில் நீள ஆன்டெனா மாட்டிய பிறகுதான் இது.

இன்று காலை செட் பாதியில் அடங்கியதும் அம்மா "இன்னாடா, பேச்சே காணோம்?" என்று கேட்டார். படகு ஏழு மணிக்கு நல்லபடியாக வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று மணி நேரம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கே இருந்து ஆரம்பிப்பது, சொல்லுங்கள்.


தண்டையார்பேட்டை மெக்கானிக்
ஜூன் 17, இரவு 11.25

தம்பி, முதலில் அந்த வெள்ளித் தாளை எடுத்துவிடுங்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் எடுத்துவிடுங்கள். தாள் நழுவி இரண்டு முனையையும் தொட்டால் ஷார்ட் ஆகும், பேட்டரி கொதித்து வெடிக்கவும் செய்யும். மூடி சூடானது அதற்கு அறிகுறியாக இருக்கலாம்.

ஒன்று கேட்கிறேன். பீரோ மேல் வைத்தபோது பேட்டரியைக் கழற்றினீர்களா? இல்லை என்றால் உங்கள் முதல் கோளாறுக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆல்கலைன் பேட்டரி சும்மா கிடந்தாலும் கசியும். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது வெளியே வந்து காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் பொடி ஸ்பிரிங்குக்கும் பேட்டரிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு மின்சாரத்தை மறிக்கும். குறைந்த வால்யூமில் செட்டுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், எப்படியோ ஓடும். வால்யூமைக் கூட்டினால் கரண்ட் அதிகம் இழுக்கும், அந்த அழுக்கிலேயே வோல்ட் விழுந்துவிடும். செட் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அணையும்.

மல்டிமீட்டர் இருந்தால் ஒரு சோதனை. பேட்டரி போட்டு செட்டை ஆன் செய்து வால்யூமை முடிந்தவரை வையுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் அடித்தகட்டில் வையுங்கள், மறுமுனையை அதே ஸ்பிரிங்கின் வேரில், அது பிளாஸ்டிக்குக்குள் நுழையும் இடத்தில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டார்.

இன்னொன்று. பேட்டரி அறைக்குள் ஆல்கலைன், ரீசார்ஜ் என்று மாற்றுகிற சிறிய ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5 வோல்ட். ஸ்விட்ச் தவறான பக்கம் இருந்தால் பேட்டரி அளவு தப்பாகக் காட்டும். அதைவிட ஆபத்து, ஆல்கலைன் போட்டிருக்கும்போது யூஎஸ்பி மாட்டி சார்ஜ் ஏற்றுவது. அது கசிவையும் வெடிப்பையும் நாமே வரவழைப்பது.


கொருக்குப்பேட்டை
ஜூன் 18, காலை 6.15

உப்புத்தாள் வைத்து ஸ்பிரிங்கை நன்றாகத் தேயுங்கள், பளபளவென்று ஆகிவிடும். நான் டார்ச் லைட்டுக்கு அப்படித்தான் செய்வேன்.


தண்டையார்பேட்டை மெக்கானிக்
ஜூன் 18, காலை 7.05

வேண்டாம் அண்ணே. ஸ்பிரிங்குக்கு மேல் மெல்லிய நிக்கல் பூச்சு இருக்கும். உப்புத்தாள் அதையும் சேர்த்து எடுத்துவிடும். உள்ளே இரும்பு வெளியே தெரிந்தால் நம் கடற்காற்றில் ஒரே மாதத்தில் துரு. டார்ச்சை வருடத்துக்கு ஒன்று மாற்றலாம், இந்த செட்டை மாற்ற முடியாது. பென்சில் அழிக்கும் ரப்பர் போதும்.


பவர்குப்பம்
ஜூன் 18, மதியம் 1.30

தாளை எடுத்துவிட்டேன் அண்ணே. பேட்டரியைக் கழற்றாமல்தான் வைத்தேன், தப்பு என்னுடையது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்றில் இட்லி மாவு காய்ந்தது போல வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. எதிர்ப்பக்கத் தகட்டின் ஓரத்தில் பித்தளைக் களிம்பு மாதிரி பச்சை. நீங்கள் சொன்னபடி அளந்தேன். சாதாரண வால்யூமில் 0.3 வோல்ட். வால்யூமைக் கூட்டியபோது 0.7 வரை போய், செட் அணைந்தது. இரண்டு பேட்டரியும் தனியாக 1.5-க்குக் குறையாமல் இருக்கின்றன.

எப்படிச் சுத்தம் செய்வது?


தண்டையார்பேட்டை மெக்கானிக்
ஜூன் 18, மாலை 4.50

0.7 வோல்ட்டை அந்த வெள்ளைப் பூச்சு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. நல்ல செய்தி, செட்டுக்குள் ஒன்றும் கெட்டதாகத் தெரியவில்லை.

கையில் ரப்பர் கிளவுஸ் போடுங்கள், அந்தப் பொடி தோலிலோ கண்ணிலோ பட்டால் எரித்துவிடும். வாயால் ஊதாதீர்கள். செட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் உதிர்த்துவிடுங்கள், உதிர்வது உள்ளே போகக் கூடாது. காது குடையும் பஞ்சுக் குச்சியின் நுனியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு. சொட்ட விடாதீர்கள், நனைந்த அளவு போதும். வெள்ளைப் பூச்சு காரம், சாறு அமிலம். தொட்டதும் சின்னதாக நுரைக்கும். நுரை நிற்கும் வரை குச்சி மாற்றி மாற்றித் துடையுங்கள். பச்சையும் அதிலேயே கரையும். அப்புறம் சாற்றை அப்படியே விட்டால் அதுவும் உலோகத்தைத் தின்னும், அதனால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட குச்சியால் இரண்டு முறை துடையுங்கள். மூடியைத் திறந்து வைத்து மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு காயட்டும். வெயிலில் வைக்க வேண்டாம், டிஸ்பிளே போய்விடும்.

காய்ந்த பிறகு மறுபடி அளந்து சொல்லுங்கள். அப்போதும் வோல்ட் விழுந்தால் ஸ்பிரிங் அடியில் சாலிடர் வரைக்கும் கசிவு போயிருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் பிரிக்காதீர்கள், எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.


ஒற்றியூர் ஹாம்
ஜூன் 18, இரவு 9.10

தம்பி, பேட்டரி விஷயத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். மற்ற இரண்டையும் நான் சொல்கிறேன். இருபது வருடமாக இந்தக் கடற்கரையில் ஆன்டெனா கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும் இரைச்சல் என்றால் அது செட்டின் கோளாறு இல்லை. ஆறு மணிக்கு என்ன எரிய ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். மலிவான எல்இடி விளக்குகளின் டிரைவரும் சில போன் சார்ஜர்களும் நிமிடம் விடாமல் இரைச்சலைக் கக்கும். செட் பேட்டரியில் ஓடும்போது வீட்டு மெயின் ஸ்விட்சை இரண்டு நிமிடம் அணைத்துக் கேளுங்கள். இரைச்சல் போனால் உங்கள் வீட்டுக்குள்தான். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆள் அகப்படும். போகவில்லை என்றால் பக்கத்து வீடு அல்லது தெரு விளக்கு. செட்டோடு கடல் பக்கம் நடந்து போங்கள், குறைகிறதா பாருங்கள்.

பாட்டு வருவதற்குக் காரணம் நீள ஆன்டெனா. நம் நகரத்தில் 88-க்கும் 108-க்கும் நடுவே இத்தனை பண்பலை நிலையங்கள் பலத்த சக்தியில் ஒலிக்கின்றன. கையடக்க செட்டின் முன்பகுதி சின்ன ஆன்டெனாவுக்காகச் செய்தது. பெரிய ஆன்டெனா மாட்டினால் எல்லா நிலையமும் ஒரே சமயத்தில் உள்ளே புகுந்து, ஒன்றோடொன்று கலந்து, இல்லாத இடத்தில் பாட்டாக முளைக்கும். பண்பலையை மட்டும் தடுக்கும் ஃபில்டர் விற்கிறது, ஆன்டெனாவுக்கும் செட்டுக்கும் நடுவில் மாட்டலாம். காசு செலவில்லாத வழி: நீட்டி மடக்கும் ஆன்டெனா இருந்தால் 46 சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டுங்கள். அது 156.800-க்கு ஏறக்குறைய கால் அலைநீளம். செட்டோடு வந்த ரப்பர் ஆன்டெனாவை விட நன்றாக இழுக்கும், மாடிக் கம்பி அளவுக்குப் பண்பலையை வாரிக்கொண்டும் வராது.

எவ்வளவு தூரம் கேட்கும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் மாடி 9 மீட்டர், படகின் ஆன்டெனா 4 மீட்டர் என்று வையுங்கள். வர்க்கமூலம் 3-ம் 2-ம், கூட்டினால் 5. அதை 4.12-ஆல் பெருக்கினால் சுமார் 20 கிலோமீட்டர். அதற்கு மேல் பூமியின் வளைவு மறைத்துவிடும். கோடையில் சில நாள் கடல் மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும்போது நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கப்பல் கூடக் கேட்கும். அதை நம்பி உட்காரக் கூடாது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். குரல் வரவில்லை என்றால் படகு 20 கிலோமீட்டருக்கு வெளியே இருக்கலாம், இல்லை அந்த நேரம் யாரும் பேசாமல் இருக்கலாம். நிஜமாகவே பயம் என்றால் செட்டைக் கேட்டுக்கொண்டிருக்காமல் கடலோரக் காவல் படையின் 1554-க்கு அழைக்க வேண்டும்.

உரிமம் வாங்கியிருப்பதில் மகிழ்ச்சி. நம் நாட்டில் ரேடியோ கருவி வைத்திருக்க அரசு அனுமதி வேண்டும் என்பது 1933 சட்டத்திலும் இருந்தது, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலும் இருக்கிறது. இந்த செட்டுக்கு உங்கள் உரிமம் போதுமா என்பதை எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்டதைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். போலீஸ் அலைவரிசைப் பக்கமே போக வேண்டாம்.


பவர்குப்பம்
ஜூன் 21, காலை 5.20

அண்ணே, அக்கா, இருவருக்கும் நன்றி.

எலுமிச்சைச் சாறு பட்டதும் அண்ணன் சொன்னபடி நுரைத்தது. ஏழு குச்சி ஆனது. ஒரு இரவு காய வைத்து அளந்தேன்: முழு வால்யூமில் 0.02 வோல்ட். நேற்று இரவு எட்டு மணிக்குப் போட்ட செட் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மெயினை அணைத்ததும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. வீட்டுக்குள் இருந்த ஆள் தம்பி மகள் படிக்கும் மேசை விளக்கு. அதை மாற்றிவிட்டேன். மீதிப் பாதி தெருவில் இருந்து வருகிறது, வாசற்படியை விட்டு மாடியின் கிழக்கு மூலைக்குப் போனால் அதுவும் குறைகிறது. அம்மாவுக்கு அங்கே ஒரு முக்காலி போட்டாயிற்று. ஆன்டெனாவை ஸ்கேல் வைத்து 46-க்கு நீட்டினேன், பாட்டு நின்றுவிட்டது.

20 கிலோமீட்டர் கணக்கை அம்மாவுக்குத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். "அப்போ எண்ணூர் தாண்டுற வரைக்கும் கேக்கும்" என்று அவராகவே சொல்லிக்கொண்டார். காலை நாலு பத்துக்கு அண்ணன் குரல் வந்தது, ஐஸ் தீர்ந்துவிட்டது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சந்தேகம். இனி ரீசார்ஜ் பேட்டரிக்கு மாறலாமா? செட்டை எதில் வைப்பது?


தண்டையார்பேட்டை மெக்கானிக்
ஜூன் 21, காலை 8.40

மாறுங்கள். சும்மா இருக்கும்போது சார்ஜ் மெதுவாகவே இறங்கும் வகை நிக்கல் பேட்டரி கிடைக்கிறது, அதை வாங்குங்கள். உள்ளே ஸ்விட்சையும் மாற்ற மறக்காதீர்கள்.

வைக்கும் இடம் முக்கியம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும். காசிமேட்டில் விடிகாலையில் அது சாதாரணம். அதனால் மாடியில் இருந்து இறங்கியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை துடையுங்கள், அப்புறம் உலர்ந்த துணி. ஆன்டெனாவைக் கழற்றி அந்த பிஎன்சி வாயையும் துடையுங்கள். துணியில் சுற்றி வைப்பது வேண்டாம், துணியே ஈரத்தை வைத்திருக்கும். இறுக்கமாக மூடும் டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது சூடாக்கிக் காய வைக்க வேண்டும் என்று தெரியும். செருப்பு டப்பாவில் வரும் பொட்டலம் நம் ஊர்க் காற்றில் எப்போதோ நிறைந்துபோயிருக்கும்.

ஒரு வாரம் கழித்து அந்த 0.02-ஐ இன்னொரு முறை அளந்து இங்கே போடுங்கள். கசிவு மிச்சம் இருந்தால் மறுபடி பூக்கும்.


பவர்குப்பம்
ஜூன் 28, இரவு 9.00

இன்று அளந்தேன் அண்ணே, 0.02-தான். வெள்ளை எதுவும் இல்லை. பின்மூடியின் உள்பக்கம் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறேன்: "ஏப்ரல் 14, பேட்டரியைக் கழற்று".