தாம்பரம் மேஸ்திரி மதுராந்தகம் வரை வருவாரா? 55 கி.மீ. தள்ளி வீட்டு வேலை

மனைக்காரன்:
மதுராந்தகத்தில் 1000 சதுர அடி வீடு, தரைத்தளம் மட்டும். லேபர் காண்ட்ராக்ட்; பொருளெல்லாம் நான் வாங்கித் தருவேன். தாம்பரத்து மேஸ்திரி ஒருவரின் வேலை சுத்தமாக இருக்கிறது. சைட்டுக்கு 55 கி.மீ. "தூரம் ஒரு மேட்டரே இல்ல சார்" என்கிறார். நிஜமாகவே தினமும் ஆட்கள் வருவாங்களா? தினக்கூலியா, சதுர அடி ரேட்டா? எலக்ட்ரீஷியன், பிளம்பருக்கும் அவர் ஆட்களையே வைக்கலாமா?

ரசமட்டம்:
மேஸ்திரி வருவார் சார். சித்தாள் வருவாங்களான்னு கேளுங்க. கொத்தனார்கள் பைக்குக்கு ரெண்டு பேராக வந்துடுவாங்க. வழியில் பரனூர் டோல்கேட்டில் பைக்குக்குக் காசு கிடையாது. போக வர 110 கி.மீ.க்கு ரெண்டு லிட்டர் சொச்சம் பெட்ரோல், அதையும் பங்கு போட்டுக்கலாம். பெண் சித்தாள்களுக்கு 2021-லிருந்து இலவசம் என்பது டவுன் பஸ்ஸில்தான். செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அப்புறம் வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட், இறங்கி ஷேர் ஆட்டோ என்றால் ரெண்டாவது வாரமே நின்னுடுவாங்க. சித்தாளை மதுராந்தகத்திலேயே பிடிக்கச் சொல்லுங்க.

அடுத்தது நேரம். 8.30க்கு ஆரம்பித்து 5.30க்குக் கொத்துக்கரண்டி கழுவினால், சாப்பாடும் ரெண்டு டீயும் போக ஏழரை மணி நேர வேலை. தூரத்து ஆட்கள் செட் 9.30க்கு வந்து, 5 மணிக்கே பைக்கைப் பார்க்கும். மிச்சம் ஆறு மணி நேரம். அஞ்சு நாள் வேலை ஆறேகால் நாளாகும். தினக்கூலி பேசினால் இந்த நஷ்டம் முழுசும் உங்க தலையில். அதனால் சதுர அடி ரேட்தான். ஆனால் விட்ட நேரத்தை அவர் வேகத்தில் பிடிக்கப் பார்ப்பார். செங்கலை நனைக்காமல் கட்டுவது, செங்குத்து இணைப்பில் கலவை நிரப்பாமல் விடுவது, ஒரே நாளில் லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் வரும் கான்கிரீட் பட்டை) வரை சுவரை ஏற்றுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். ஒரு நாளைக்கு 5 அடிக்கு மேல் சுவர் ஏறக்கூடாதுன்னு முதலிலேயே பேசிடுங்க.

வயர்மேன்:
எலக்ட்ரிக்கல், பிளம்பிங் ரெண்டுக்கும் உள்ளூர் ஆள்தான். மேஸ்திரிக்கு மாசக்கணக்கில் ஒரே இடத்தில் வேலை. எலக்ட்ரீஷியன் வேலை துண்டு துண்டாக வரும். ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தின நாள் பைப், ஃபேன் பாக்ஸ் வைக்கணும். கான்கிரீட் அன்றைக்கு ஒரு ஆள் நிற்கணும். வைப்ரேட்டரும் மண்வெட்டியும் பட்டு பைப் வளைவில் மாட்டிய பெண்டு கழன்றால், சிமென்ட் பால் உள்ளே இறங்கி பைப் அடைத்துவிடும், பிறகு தளத்தைக் கொத்தத்தான் வேண்டும். சுவர் முடிந்ததும் காடி (பைப் பதிக்கச் சுவரில் வெட்டும் பள்ளம்), பூச்சு காய்ந்ததும் வயர், பெயின்ட் முடிந்ததும் சுவிட்ச். இதில் பாதி அரை நாள் வேலை. 55 கி.மீ. வந்தால் முழு நாள் கூலி கேட்பார், கேட்பது நியாயம்தான். இல்லையென்றால் ரெண்டு நடையை ஒரே நடையாக்குவார்: பூச்சுக்கு முன்பே வயரை இழுத்துவிட்டுப் போய்விடுவார்.

பிளம்பரும் அப்படித்தான். சுவருக்குள் போகும் பைப்புக்குக் கைப்பம்பு மாட்டி அழுத்தம் ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம் பார்த்த பிறகுதான் பூசணும். தூரத்து ஆள் முதலில் கைவிடுவது இந்தச் சோதனையைத்தான். கசிவு டைல்ஸ் ஒட்டிய பிறகுதான் தெரியும்.

மனைக்காரன்:
ஷெட் போட்டுக் கொடுத்தால் தங்கியே செய்வதாகவும் சொல்கிறார். அது தேவலையா?

தண்ணிக்கட்டு:
தினமும் வந்து போவதை விட நிச்சயம் தேவலை. பூட்டுகிற மாதிரி தகர ஷெட், கழிப்பறை, போர் தண்ணீர், ஈ.பி. தற்காலிக இணைப்பு நாலும் வேலை ஆரம்பிக்கும் முன் தயாராக இருக்கணும். சிக்கல் வாரக் கடைசியில். சனிக்கிழமை மதியமே பட்டுவாடா கேட்டுக் கிளம்புவாங்க, திங்கள் 11 மணிக்குத்தான் கரண்டி எடுப்பாங்க.

அதனால் ரூஃப் கான்கிரீட்டை வெள்ளி, சனியில் போட விடாதீங்க. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் விட ஆள் இருக்காது. முதல் ரெண்டு நாள் காய்ந்தால் மயிரிழை விரிசல் விழும். செவ்வாய் அல்லது புதன் போடுங்க. மறுநாளே தளத்தின் மேல் பாத்தி கட்டி, பி.பி.சி. (போசோலானா கலந்த) சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் நிற்கணும். தண்ணீர் விடுவதற்கு மட்டும் பக்கத்து வீட்டு ஆள் ஒருவருக்கு நீங்களே காசு கொடுங்க, மேஸ்திரி கணக்கில் விடாதீங்க.

சென்ட்ரிங் சாமானையும் (கான்கிரீட்டைத் தாங்கும் தகரம், முட்டு) தாம்பரத்திலிருந்து ஏற்ற விடாதீங்க. 3 அடிக்கு 2 அடி தகரம் மட்டுமே கிட்டத்தட்ட 170 வரும், முட்டு தனி. டாடா ஏஸில் ஒரு நடையில் அடங்காது. மதுராந்தகம், செங்கல்பட்டிலேயே வாடகைக்கு எடுங்க.

ரெடிமிக்ஸ் (பிளான்ட்டில் கலந்து லாரியில் வரும் கான்கிரீட்) என்றால் 5 அங்குலத் தளத்துக்கே 12 கன மீட்டர் வரும், பீம் தனி. பிளான்ட்டில் ஏற்றியதிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள் இறக்கணும். நெரிசலான ஜி.எஸ்.டி. ரோட்டை (சென்னை-திருச்சி நெடுஞ்சாலை) நம்பி வடக்கே தூரத்துப் பிளான்ட்டில் சொல்லாதீங்க. தாமதமானால் டிரைவரே தண்ணீரை ஊற்றி இளக்கிவிடுவார், பலம் போச்சு. சந்துக்குள் லாரி நுழையாவிட்டால் மிக்ஸர் மெஷின் செட்டைக் கூப்பிடுங்க. ஒரு நாள் வேலை என்பதால் அவங்க எவ்வளவு தூரமும் வருவாங்க.

ரசமட்டம்:
பணத்தைப் பற்றி ஒன்று. வண்டிச் செலவைச் சதுர அடி ரேட்டுக்குள் கலக்காமல் வாரத்துக்கு இவ்வளவு என்று தனியாகப் பேசுங்க. வராத வாரம் தர வேண்டாம். பேஸ்மென்ட் (தரைமட்டம் வரையான அடித்தளம்), லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகக் கொடுங்க. தூரத்து ஆள் கழன்றுகொள்வது பெரும்பாலும் பூச்சு முடிந்த பிறகுதான். கைப்பிடிச் சுவர், படிக்கட்டு முனை, சன்ஷேடு மேல் சாய்வு மாதிரி சில்லறை வேலைக்கு 55 கி.மீ. வர யாருக்கும் கட்டாது. அந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பேப்பரில் எழுதி, மொத்தத்தில் 10 சதவீதத்தை அதற்கென்று நிறுத்தி வையுங்க.