புதுக் கேமரா சார்ஜ் ஏறுகிறது, கணினிக்கு மட்டும் தெரியவில்லை

விட்டில்:
வணக்கம். புதிதாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கியிருக்கிறேன். ராத்திரி பால்கனி விளக்கைச் சுற்றும் விட்டில் பூச்சிகளைப் படம் எடுப்பது என் பழக்கம். மொபைலில் எவ்வளவு முயன்றாலும் இறகின் செதில்கள் ஒரே பொடியாகத்தான் விழும். அதில் சலித்துப்போய்த்தான் கேமராவுக்கு வந்தேன். படங்கள் அருமையாக வருகின்றன. அவற்றைக் கணினிக்குக் கொண்டுவர முடியவில்லை என்பதுதான் தலைவலி.

கேமராவில் இருப்பது டைப்-சி துளை. பெட்டியில் கேபிள் வரவில்லை. பவர் பேங்கோடு வந்த குட்டிக் கேபிள் ஒன்று இருந்தது, ஒரு முனை சாதா யூஎஸ்பி, மறுமுனை டைப்-சி. அதைச் செருகினால் கேமராவில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது, பேட்டரி ஏறுகிறது. விண்டோஸ் 11 லேப்டாப்போ கண்டுகொள்ளவே இல்லை. சத்தம் இல்லை, மூலையில் அறிவிப்பு இல்லை, திஸ் பிசி-யில் புதிதாக எதுவும் இல்லை. வேறு துளையில் செருகிப் பார்த்தேன். ரீஸ்டார்ட் செய்தேன். கேமராவுக்கான மென்பொருளையும் இறக்கிப் போட்டேன். அதுவும் கேமரா இணைக்கப்படவில்லை என்றே சொல்கிறது. உதவி எண்ணில் கேட்டால் "டிரைவர் போடுங்க மேடம்" என்கிறார்கள். எந்த டிரைவர் என்றால் பதில் இல்லை.

சார்ஜ் ஏறுகிறது என்றால் கேபிள் நன்றாகத்தானே இருக்க வேண்டும்? கேமராவிலேயே ஏதாவது கோளாறா?

செம்புக்கம்பி:
டிரைவரை, அதாவது ஒரு சாதனத்தோடு பேச விண்டோஸுக்கு உதவும் சின்ன மென்பொருளை, மறந்துவிடுங்கள் மேடம். கேமராவில் இருந்து படங்களை இறக்கத் தேவையானது விண்டோஸிலேயே இருக்கிறது. அதற்கு முந்தைய படியிலேயே உங்கள் வேலை நிற்கிறது.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த "சத்தம் இல்லை". டிரைவர் பிரச்சினை என்றால் குறைந்தபட்சம் செருகும் சத்தமாவது வரும், இணைந்த சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது நிற்கும். ஒன்றுமே இல்லை என்றால், கேமரா வந்திருப்பதே லேப்டாப்புக்குத் தெரியாது.

சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளைப் பிரித்தால் உள்ளே நாலு கம்பி இருக்கும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. வெள்ளையும் பச்சையும் டேட்டாவுக்கு. பச்சைக் கம்பியின் பெயர் டி பிளஸ். கேமரா தன் பக்கத்தில் இருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக அந்தக் கம்பியை 3.3 வோல்ட்டுக்கு இழுக்கும். "யாரோ வந்திருக்கிறார்கள்" என்று லேப்டாப் தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். பேர் என்ன, என்ன வகை என்கிற விசாரணை எல்லாம் அதற்கு அப்புறம். பவர் பேங்க், டேபிள் விளக்கு, டிரிம்மர் இவற்றோடு வருகிற கேபிள்கள் சிலவற்றில் அந்த வெள்ளை பச்சை இரண்டுமே இருக்காது. வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சார்ஜ் ஜோராக ஏறும், அவ்வளவுதான்.

சந்தேகம் தீர ஒரு வழி: அதே கேபிளில் உங்கள் மொபைலை லேப்டாப்போடு இணையுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் மேலிருந்து திரையை இழுத்து, யூஎஸ்பி அறிவிப்பில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று மாற்றிப் பாருங்கள். அந்தத் தேர்வே வரவில்லை, சார்ஜ் மட்டும் ஏறுகிறது என்றால் கேபிளைத் தூரப் போடுங்கள். மொபைலில் உள்ளது தெரிந்தால் மறுபடி இங்கே வாருங்கள், அடுத்ததைப் பார்ப்போம்.

இன்னொன்று. கேமராவை ஆன் செய்துவிட்டுத்தானே பார்த்தீர்கள்? ஆஃபில் இருக்கும்போது சார்ஜ் மட்டும் ஏறுகிற மாடல்கள் நிறைய.

கார்டு ரீடர் கட்சி:
எதற்கு இந்தப் பாடு? கார்டைக் கழற்றி ரீடரில் போட்டால் வேலை முடிந்தது. நான் எந்தக் கேமராவையும் கேபிளில் மாட்டியதே இல்லை. கேமராவின் அந்த ரப்பர் மூடியைத் தினம் திறந்து மூடினால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்? கேமரா பேட்டரியும் மிச்சம்.

விட்டில்:
கேமரா ஆனில்தான் இருந்தது, செம்புக்கம்பி சார். மொபைலை அதே கேபிளில் மாட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அறிவிப்பு வரவே இல்லை, சார்ஜ் மட்டும்தான்.

ரீடர் நண்பருக்கு: இருக்கிறது, ஆனால் பழையது. மேலே எஸ்டிஹெச்சி என்று போட்டிருக்கிறது. என் கார்டு 128 ஜிபி. போட்டுப் பார்த்தேன், "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி வந்தது. பயந்துபோய் எதையும் அமுக்காமல் கழற்றிவிட்டேன்.

கார்டு ரீடர் கட்சி:
அமுக்காதது நல்லதாயிற்று! ஃபார்மேட் கொடுத்திருந்தால் பூச்சிகள் அத்தனையும் பறந்திருக்கும்.

எஸ்டிஹெச்சி என்பது 32 ஜிபி வரைக்குமான வகை, ஃபேட்32 முறையில் எழுதப்படுவது. அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி, அது எக்ஸ்ஃபேட். பழைய ரீடர்கள் பலவற்றுக்கு எஸ்டிஎக்ஸ்சி கார்டு புரியாது, கார்டைச் சரியாகப் படிக்க முடியாதபோது விண்டோஸ் ஃபார்மேட் செய்யச் சொல்லும். உங்கள் கார்டில் அநேகமாக ஒரு குறையும் இருக்காது. கேமராவில் திரும்பப் போட்டால் படங்கள் தெரிகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்டிஎக்ஸ்சி என்று போட்ட ரீடராக வாங்குங்கள்.

செம்புக்கம்பி:
ரீடர் வாங்குவது நல்ல யோசனைதான், நானும் பெரும்பாலும் அதையே செய்கிறேன். ஆனால் கேமராவைக் கணினியோடு பேச வைத்துவிட்டுத்தான் விடவேண்டும். நாளைக்கு லேப்டாப்பில் இருந்தே ஷட்டரை இயக்க ஆசை வரும். அசையாமல் உட்கார்ந்திருக்கிற பூச்சிக்குக் கைபடாமல் கிளிக் செய்வது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். டேட்டா கேபிள் ஒன்று பிடியுங்கள்.

விட்டில்:
கேபிள் மாற்றிவிட்டேன். மொபைலோடு பெட்டியில் வந்தது, டேட்டா போகிறது என்று முதலில் உறுதிசெய்துகொண்டேன். கேமராவில் மாட்டியதும் லேப்டாப்பில் சத்தம் வந்தது! திஸ் பிசி-யில் மட்டும் இப்போதும் ஒன்றும் இல்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் "கேமராஸ்" என்ற தலைப்பின் கீழ் என் கேமராவின் பெயர் நிற்கிறது. மஞ்சள் முக்கோணம் எதுவும் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது அலுவலக மீட்டிங் ஒன்று தொடங்கியது. என் முகத்துக்குப் பதிலாக எல்லோருக்கும் பால்கனிச் சுவர், பிரம்மாண்டமாக, ஒவ்வொரு மணலும் தெரிகிற தெளிவில்.

செம்புக்கம்பி:
அருமை. உங்கள் கேமரா வெப்கேமாகப் போய் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது வருகிற கேமராக்கள் பலவும் ஒரே துளையில் பல வேஷம் போடும். எந்த வேஷம் என்பதை மெனுவில் யூஎஸ்பி கனெக்‌ஷன் மோடு, அல்லது அதுபோன்ற பெயரில் நாம்தான் சொல்ல வேண்டும். நெட்வொர்க் அல்லது செட்டப் பகுதியில் தேடுங்கள், அநேகமாக உங்களுடையது ஸ்ட்ரீமிங் என்று நிற்கும். ஸ்ட்ரீமிங்கில் இருக்கும்போது லேப்டாப்புக்கு அது வெறும் வீடியோ சாதனம், கார்டு கண்ணில் படாது. பிசி ரிமோட் என்று இருந்தால் ஷட்டரை இயக்கலாம். பல மாடல்களில் அதிலும் கார்டு தெரியாது. "மென்பொருளில் ஷட்டர் வேலை செய்கிறது, பழைய படங்களை மட்டும் காணோம்" என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டியிருப்பார்கள்.

உங்களுக்கு வேண்டியது மாஸ் ஸ்டோரேஜ் அல்லது எம்டிபி. இரண்டும் ஒன்றில்லை. மாஸ் ஸ்டோரேஜில் கேமரா கார்டை அப்படியே லேப்டாப்பின் கையில் கொடுத்துவிடுகிறது. ஈ, எஃப் என்று டிரைவ் எழுத்தோடு பென்டிரைவ் போல வரும், கழற்றும்முன் எஜெக்ட் கொடுக்க வேண்டும். எம்டிபியில் கார்டு கேமராவின் பொறுப்பிலேயே இருக்கும். லேப்டாப் ஒவ்வொரு ஃபைலாகக் கேட்டு வாங்கும். டிரைவ் எழுத்து வராது, கேமராவின் பெயரில் ஒரு சின்னம் வரும். டிரைவ் எழுத்தைத் தேடிவிட்டு "வரவில்லை" என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த எம்டிபி, ஐஎஸ்ஓ 15740 என்று தரப்படுத்தப்பட்ட பிடிபி என்ற பழைய முறையை மைக்ரோசாஃப்ட் நீட்டி உருவாக்கியது. சில கேமராக்களின் மெனுவில் பிடிபி என்றே இருக்கும், அதுவும் சரிதான்.

இரண்டும் இருந்தால் மாஸ் ஸ்டோரேஜைத் தேர்ந்தெடுங்கள். கார்டில் இருப்பது அத்தனையும் மறைக்காமல் தெரியும். அப்படியே கேமராவில் வைஃபை ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள், வைஃபை ஓடும்போது யூஎஸ்பியை ஏற்காத மாடல்கள் உண்டு.

ஆப்பிள்மர நிழல்:
குறுக்கே வருகிறேன், மேக் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் உதவும். பிடிபி, எம்டிபியில் மாட்டினால் ஃபைல்களைப் பார்க்கும் ஃபைண்டரில் கேமரா வராது. இமேஜ் கேப்சர் என்ற செயலி மேக்கிலேயே இருக்கிறது, அதைத் திறந்தால் இடப்பக்கம் நிற்கும். ஆப்பிள் சிப் உள்ள மேக்புக்கில் மேக்ஓஎஸ் வென்ச்சுரா பதிப்பு முதல் "இந்தச் சாதனத்தை அனுமதிக்கவா?" என்று ஒரு கேள்வியும் வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் சார்ஜ் மட்டும்தான் ஏறும், விட்டிலின் முதல் கேபிள் கதை மாதிரியே.

விட்டில்:
வந்துவிட்டது! மெனுவில் ஸ்ட்ரீமிங் என்றுதான் இருந்தது. மாஸ் ஸ்டோரேஜுக்கு மாற்றியதும் டிரைவ் தெரிந்தது. டிசிஐஎம் என்ற ஃபோல்டருக்குள் 100 என்று தொடங்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் படங்கள் எல்லாம் பத்திரம். ஒரு விட்டிலின் உணர்கொம்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சீப்புப் பல் போல ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நிற்கிறது.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, வீடியோக்களைக் காணோம். கேமராவில் ஓடுகின்றன, டிசிஐஎம்மில் இல்லை. இன்னொன்று, காப்பி ஆக ரொம்ப நேரம் பிடிக்கிறது. பாதிக் கார்டுக்கே அரை மணி காட்டுகிறது.

கார்டு ரீடர் கட்சி:
வீடியோவுக்கு நான் சொல்கிறேன். டிசிஐஎம் என்பது 1998-ல் வந்த டிசிஎஃப் என்ற விதிமுறையின்படி ஸ்டில் படங்களுக்காக ஏற்பட்ட வீடு. ஃபைல் பெயரில் நாலு எழுத்து, நாலு எண் என்று வருவதும் அதே விதிதான். சில கேமராக்கள் வீடியோவை அங்கே வைக்காமல் பிரைவேட் என்ற ஃபோல்டருக்குள் வைக்கும். அதைத் திறந்து உள்ளே போய்க்கொண்டே இருங்கள், கிளிப் அல்லது ஸ்ட்ரீம் என்ற பெயரில் ஒன்றுக்குள் கிடைக்கும். கார்டில் வைத்துக்கொண்டே அங்கே எதையும் பெயர் மாற்றவோ இடம் மாற்றவோ வேண்டாம், கேமரா பிறகு அடையாளம் தெரியாமல் முழிக்கும். காப்பி மட்டும் செய்யுங்கள்.

செம்புக்கம்பி:
வேகத்துக்குக் காரணம் மறுபடி கேபிள்தான். மொபைல் பெட்டிகளில் வருகிற சார்ஜிங் கேபிள்கள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0. உச்ச வேகம் விநாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் 35 வந்தாலே பெரிது. 64 ஜிபிக்கு அரை மணி என்பது அந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது, ஆக கோளாறு ஒன்றும் இல்லை. கேமராவின் துளை 5 ஜிகாபிட் வகையா என்று கையேட்டில் பாருங்கள். ஆமாம் என்றால் 5 அல்லது 10 ஜிகாபிட் என்று எழுதிய கேபிள் வாங்கினால் நேரம் நன்றாகவே குறையும், அதற்கப்புறம் கார்டின் வேகம்தான் எல்லை. துளையே 2.0 என்றால் கேபிளுக்குச் செலவு செய்யாதீர்கள், ரீடருக்குச் செய்யுங்கள். இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று மேலே ஒருவர் சிரிப்பார்.

கார்டு ரீடர் கட்சி:
சிரித்தாயிற்று.

விட்டில்:
பிரைவேட்டுக்குள் வீடியோக்கள் கிடைத்துவிட்டன, நன்றி. கையேட்டில் 5 ஜிபிபிஎஸ், அதாவது விநாடிக்கு 5 ஜிகாபிட் என்றுதான் போட்டிருக்கிறது, அதனால் கேபிளே வாங்கப் போகிறேன். பூச்சி உட்கார்ந்ததும் லேப்டாப்பில் இருந்து கிளிக் செய்ய பிசி ரிமோட்டில் என்னென்ன அமைக்க வேண்டும் என்று தனி இழையில் கேட்கிறேன். செம்புக்கம்பி சார், அங்கேயும் வந்துவிடுங்கள்.