அரிசியை நிறுத்தி 18 நாள்: நான்கு மணிப் பசியைத் தாங்குவதா, சாதத்துக்குத் திரும்புவதா?

தறிவீடு_சோமனூர் | ஞாயிறு, இரவு 9.50

வணக்கமுங்க. வயது 43. சோமனூர் பக்கம் எட்டுத் தறி ஓட்டுகிறேன். போன மாதம் காலில் ஆணி குத்திய புண் ஆறவே இல்லை என்று ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் வெறும் வயிற்றில் 184, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.9. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, அரிசியைக் குறையுங்கள் என்றார். என் மச்சான் இரண்டு வருடமாகச் சர்க்கரையோடு இருப்பவர். "குறைக்கிற வேலையே வேண்டாம் மாப்பிள்ளை, அடியோடு நிறுத்திருங்க" என்றார். நிறுத்திவிட்டேன்.

சர்க்கரை இறங்கியிருக்கிறது, இன்று காலை 128. ஆனால் பசிதான் தாங்க முடியவில்லை. மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனதும் வயிறு இழுக்கிறது, கை நடுங்குகிறது. நேற்று தறியில் பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தேன். இழை இரண்டு இரண்டாகத் தெரிந்தது. அப்படியே எழுந்து போய் எதிர் பேக்கரியில் தேங்காய்ப் பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டணுமா, இல்லை கொஞ்சம் சாதம் சேர்த்துக்கொள்ளலாமா?

கோபி_வயல்காரன் | ஞாயிறு, இரவு 10.35

தாண்டத்தான் வேண்டும் தம்பி. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுகிறவன் நான், என் களத்து அரிசியைத் தின்று வளர்ந்த உடம்பு. நானே சொல்கிறேன். 2021-இல் எனக்கு 10.2. ஒன்றரை வருடத்தில் 6.1. சோறு, இட்லி, சப்பாத்தி ஒன்றும் கிடையாது.

பசி எடுப்பது கொழுப்பு சேர்க்காததால். மாவை எடுத்துவிட்டு எண்ணெயையும் பயந்து பயந்து ஊற்றினால் உடம்பு எதை வைத்து ஓடும்? நான்கு மணி வரை காத்திருக்காதீர்கள். மூன்றரைக்கே நாலு பத்தை தேங்காய், ஒரு கை வறுத்த கடலைக்காய். மூன்று நான்கு வாரத்தில் உடம்பு, கொழுப்பு கரைந்து வரும் கீட்டோனில் ஓடப் பழகிவிடும், பசி தானாக அடங்கும். 'கொஞ்சம் சாதம்' என்று ஒன்று கிடையவே கிடையாது. நாலாம் நாள் அது வட்டல் நிறைய வந்து நிற்கும். சர்க்கரையைக் கட்டுப்படுத்த மாவுச்சத்தைக் குறைப்பதற்குத்தான் அதிகச் சான்று இருக்கிறது என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அறிக்கையே 2019-இல் சொல்லியாயிற்று.

நொய்யல்கரை | திங்கள், காலை 6.15

தம்பி, நான் ஓய்வுபெற்ற நர்ஸ். மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் கால் புண் ஆறிவிட்டதா? ஆறவில்லை என்றால் இன்றே காட்டுங்கள்.

என்ன மாத்திரை? கிளிமிபிரைடு மாதிரி ஏதாவது கூட இருந்தால், மாவைத் திடீரென்று நிறுத்தும்போது சர்க்கரை தாழ்ந்து போகும். நடுக்கம் வந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தீர்களா? 70-க்குக் கீழே என்றால் அதற்குப் பெயர் பசி இல்லை. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கோபித் தம்பி, இதைக் கேட்காமல் "தாண்டு" என்று சொல்லக்கூடாது.

இன்னொன்று. நேற்று மத்தியானம் வட்டலில் என்ன இருந்தது? ஒன்று விடாமல் எழுதுங்கள்.

தறிவீடு_சோமனூர் | திங்கள், மாலை 5.05

புண் காய்ந்துவிட்டதுங்க அக்கா. மெட்ஃபார்மின் 500 மட்டும், காலை ஒன்று, இரவு ஒன்று. இன்று நான்கு மணிக்கு நடுக்கம் வந்ததும் பார்த்தேன், 109.

நேற்று மத்தியானம்: பாகற்காய்ப் பொரியல் இரண்டு கரண்டி, பச்சைப்பயறு கடைந்தது ஒரு சின்னக் கிண்ணம், அவித்த முட்டை ஒன்று, ஒரு டம்ளர் மோர்.

நொய்யல்கரை | திங்கள், இரவு 8.20

109 என்றால் தாழ்வு இல்லை, பயப்பட வேண்டாம். பல மாதமாக 200, 250-இல் இருந்து பழகிய உடம்புக்கு 109-ஏ தாழ்வு மாதிரி தெரியும். நடுக்கம், வேர்வை எல்லாம் வரும். சில வாரத்தில் சரியாகிவிடும்.

ஆனால் பசி வேறு விஷயம். நீங்கள் எழுதிய வட்டலைப் பாருங்கள். நம் வீடுகளில் பொரியல் என்பது சோற்றை இறக்குவதற்காகச் செய்வது. அதனால்தான் கொஞ்சமாக, காரமாக, உப்பாகச் செய்கிறோம். நீங்கள் சோற்றை மட்டும் எடுத்துவிட்டு, தொட்டுக்கொள்வதை மட்டும் சாப்பிட்டு எழுந்திருக்கிறீர்கள். முன்பு மூன்று வட்டல் சோறு தின்றிருப்பீர்கள், 400 கிராம் வைத்துக்கொள்வோம். அதில் மாவுச்சத்து மட்டும் 110 கிராமுக்கு மேல். அத்தனையும் போன இடத்தில் வைத்தது ஒரு முட்டை, 6 கிராம் புரதம். தறியில் நாள் முழுக்க நிற்கிற ஆளுக்கு நான்கு மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்?

வீட்டில் சொல்லுங்கள். பொரியலைக் கரண்டியில் அளக்க வேண்டாம், ஒரு போசி நிறையச் செய்யட்டும். உப்பும் காரமும் பாதி, சோறு இல்லாமலே தின்கிற பதத்தில். புடலை, பீர்க்கங்காய், கோஸ், அவரை, கீரை எதுவானாலும் சரி. முட்டை இரண்டு மூன்று, அல்லது நாட்டுக்கோழி நாலைந்து துண்டு, சைவ நாளில் பன்னீர். புரதத்தைக் கூட்டுமுன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய, ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இவ்வளவும் சாப்பிட்ட பிறகு, கடைசியில், ஒரு கிண்ணம் சாதம். 100 கிராம், 28 கிராம் மாவுச்சத்து. நான் சாதத்துக்கு எதிரி இல்லை.

கோபி_வயல்காரன் | திங்கள், இரவு 9.40

வட்டலைப் பற்றி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மாத்திரையை முதலில் கேட்டிருக்க வேண்டும், அதுவும் என் தப்புதான். ஆனால் கடைசிக் கிண்ணத்தில்தான் நான் ஒத்துப்போக மாட்டேன்.

குடிக்கிறவனிடம் தினம் ஒரு மூடி மட்டும் என்று சொல்வீர்களா? எனக்குச் சோறு அப்படித்தான் இருந்தது. ஒரு கவளம் உள்ளே போனால் அடுத்த கவளத்தை வயிறு கேட்கும். முழுசாக நிறுத்திய பிறகுதான் அந்தக் கேள்வியே நின்றது. அளவு வைத்துச் சாப்பிடு என்று எனக்கும் முதல் வருடம் சொன்னார்கள். அந்த வருடம்தான் 8.4-இலிருந்து 10.2-க்கு ஏறினேன். இதைப் படித்துவிட்டு எழுதவில்லை, பட்டு எழுதுகிறேன்.

கம்மங்காடு | செவ்வாய், மதியம் 1.30

அரிசிதான் பிரச்சினை. தாராபுரம் பக்கம் எங்கள் அப்பாரு காலத்தில் கம்மஞ்சோறும் ராகிக்களியும்தான். யாருக்கும் சர்க்கரை இல்லை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மாவா சொன்னார்கள். கம்மங்கூழ் ஒரு சொம்பு குடியுங்கள், சாயங்காலம் வரை பசிக்காது.

நொய்யல்கரை | செவ்வாய், மாலை 6.50

தம்பி, உங்கள் அப்பாரு களி தின்றுவிட்டு மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைத்தார், ஏர் ஓட்டினார். நாம் வண்டியில் போய் வண்டியில் வருகிறோம். அரிசியில் 100 கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்து என்றால் கம்பிலும் 60-க்கு மேல், ராகியில் 70-ஐ ஒட்டி. நார் அதிகம், அது நல்லதுதான். அதற்காகச் சொம்புக் கணக்கில் குடிக்க முடியாது. அதுவும் கூழாகக் கரைத்தால் மெல்லுகிற வேலையே இல்லை, சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். கொள்ளும் அப்படித்தான்: 100 கிராமில் 22 கிராம் புரதம், கூடவே 57 கிராம் மாவு. கடைந்து ஒரு கிண்ணம் போதும்.

கோபித் தம்பிக்கு: நீங்கள் பட்டதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஒரே வழிதான் என்று சொல்லாதீர்கள். பிரிட்டனில் டைரக்ட் என்று ஓர் ஆய்வு. அதில் எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் மாத்திரை இல்லாமல் சர்க்கரை நோய் எல்லைக்குக் கீழே வந்தார்கள். அவர்கள் முதலில் குடித்த சத்துப் பானத்தில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். மொத்தச் சாப்பாடு குறைந்தது, எடை இறங்கியது, அதில் வந்த பலன். நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சர்க்கரை நோய் ஆய்வான ஐசிஎம்ஆர்-இன்டியாப் கணக்கும் 2022-இல் வந்தது. புதிதாகச் சர்க்கரை கண்டவர்களுக்கு மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 20-ஐ ஒட்டி. அதில் சோற்றுக்கு இடம் இருக்கிறது.

கோபி_வயல்காரன் | செவ்வாய், இரவு 10.10

இன்டியாப் என்பது மக்கள் என்ன தின்கிறார்கள் என்று கேட்டுப் போட்ட கணக்கு. ஆளை உட்கார வைத்துச் சோறு போட்டு அளந்தது இல்லை. டைரக்ட் ஆட்கள் குடித்தது ஒரு நாளைக்கு 850 கலோரி. அதைத் தறிக்காரர் குடித்தால் பாவு பிணைக்க முடியுமா? பசி இல்லாமல் இறங்குவதற்குத்தானே அவர் வழி கேட்கிறார்.

பனியன்_நைட்ஷிப்ட் | புதன், அதிகாலை 3.20

திருப்பூரில் நைட் ஷிப்ட் பார்க்கிற எனக்கும் இதே பசி. ஒன்று மட்டும் சொல்கிறேன். கம்பெனி வாசலில் டீக்கடை இருக்கும்வரை மன உறுதியை நம்ப வேண்டாம். பையில் இரண்டு முட்டையும் கடலைக்காய்ப் பொட்டலமும் இருந்தால் கால் அந்தப் பக்கம் போகாது. இல்லாத நாளில் போகிறது. டீயில் சர்க்கரை வேண்டாம் என்று மாஸ்டரிடம் ஒருமுறை சொன்னால் போதும், அப்புறம் அவரே ஞாபகம் வைத்துக்கொள்கிறார்.

தறிவீடு_சோமனூர் | அடுத்த வெள்ளி, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றிங்க. பன் சாப்பிட்டதையும் சேர்த்து வீட்டில் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவரைக்காயை அரைக் கிலோ அரிந்து, தேங்காயும் முட்டையும் போட்டு, ஒரு போசி நிறையக் கொண்டு வந்து வைத்தாள். அதைத் தின்று முடிக்க எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. முன்பெல்லாம் ஏழு நிமிடத்தில் எழுந்துவிடுவேன்.

மூன்று நாள் சாதமே இல்லாமல் இருந்தேன். நான்கு மணிப் பசி வந்தது, ஆனால் நடுக்கம் இல்லை. கடலைக்காயோடு போயிற்று. அடுத்த மூன்று நாள் அக்கா சொன்ன மாதிரி கடைசியில் ஒரு கிண்ணம் சாதம். இரண்டு மணி நேரம் கழித்து 146, 151, 148. நேற்று ஒரம்பரை வந்திருந்தார்கள். அரிசியும் பருப்பும் சாதம், நெய் ஊற்றி. எடுத்தவுடனே அதில் கை வைத்துவிட்டேன், இரண்டாவது தடவையும் போடச் சொன்னேன். 203.

கோபி_வயல்காரன் | அடுத்த வெள்ளி, இரவு 9.45

அந்த 203-ஐத்தான் தம்பி முதல் நாளிலிருந்து சொல்கிறேன்.

நொய்யல்கரை | சனி, காலை 6.05

அந்த 146-ஐத்தான் நானும் சொல்கிறேன். ஒரம்பரை வருகிற நாளில் முதலில் உங்கள் போசியை முடித்துவிட்டு உட்காருங்கள். சாப்பிட்டதும் தறிச் சாலையைச் சுற்றிக் கால்மணி நேரம் நடந்துவிட்டு அளந்து பாருங்கள்.

தறிவீடு_சோமனூர் | சனி, காலை 7.30

சரிங்க அக்கா. கோபி அண்ணா, உங்கள் வழியையும் விடவில்லை. தறி ஓடுகிற ஆறு நாளும் சாதம் இல்லை, ஞாயிறு மட்டும் ஒரு கிண்ணம் என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். மூன்று மாதம் ஆனதும் எச்பிஏ1சி எடுத்து இதே இடத்தில் போடுகிறேன். இப்போது அவரைக்காய் வாங்கச் சந்தைக்குக் கிளம்புகிறேன்.