முதன்மைத் தொடர், சார்புத் தொடர்: ஆங்கில இலக்கணத்தைப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

கேள்வி: கொன்றைப்பூ

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு மெயின் கிளாஸ், சபார்டினேட் கிளாஸ் இரண்டையும் பிரித்துக் காட்டும் பயிற்சி பள்ளியில் நடந்துகொண்டிருக்கிறது. தனியே நின்று முழுப்பொருள் தருவது முதன்மைத் தொடர், தராதது சார்புத் தொடர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ‘வென் த பெல் ரேங், த சில்ட்ரன் ரேன் அவுட்’ போன்ற வாக்கியங்களில் அவளுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் ‘ஐ நோ ஹீ இஸ் சிக்’ என்பதில் ‘ஹீ இஸ் சிக்’ பகுதியை முதன்மை என்று குறித்துவிட்டு, ‘ஐ நோ’ என்பதைவிட இதுதானே நிறைவான பொருள் தருகிறது என்று கேட்கிறாள். ‘ஆஃப்டர் லஞ்ச்’ என்பதையும் சார்புத் தொடர் என்றே கோடிட்டிருக்கிறாள். தமிழ் வழியில் படித்த நான் இதை எந்த இடத்திலிருந்து தொடங்குவது?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, தங்கள் மகள் கேட்பது நியாயமான கேள்வி. குறை அந்த வரையறையில்தான் இருக்கிறது. ‘ஐ நோ ஹீ இஸ் சிக்’ என்பதில் ‘தட்’ என்னும் இணைப்புச் சொல் மறைந்து நிற்கிறது. அதை வெளிப்படையாகப் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள்; பிறகு ‘தட் ஹீ இஸ் சிக்’ என்ற பகுதி முழுவதையும் எடுத்துவிட்டு ‘இட்’ என்ற ஒரே சொல்லை அங்கே வைக்கச் சொல்லுங்கள். ‘ஐ நோ இட்’ என்று வாக்கியம் நிற்கும். ‘நோ’ என்ற வினைக்குச் செயப்படுபொருளாக அமர்ந்திருப்பதால்தான் அந்தப் பகுதி சார்புத் தொடராகிறது. அதன் பொருள் நிறைவா குறைவா என்பது இங்கே கேள்வியே அன்று.

ஆகவே பொருளிலிருந்து தொடங்காமல் வினைச்சொல்லிலிருந்து தொடங்குவதே நல்லது. காலம் காட்டும் வினைகளை முதலில் வட்டமிடச் செய்யுங்கள். ‘ஹேஸ் கம்’, ‘வாஸ் ஸ்லீப்பிங்’ போல் துணைவினையோடு வருவதை ஒன்றாகவே எண்ண வேண்டும். எத்தனை வட்டங்களோ, பொதுவாக அத்தனை தொடர்கள். ‘ஆஃப்டர் லஞ்ச்’ என்பதில் வட்டமிட எதுவுமில்லை. ‘ஆஃப்டர் வீ ஏட் லஞ்ச்’ என்பதில் ‘ஏட்’ இருக்கிறது. ‘பிஃபோர்’, ‘சின்ஸ்’, ‘அன்டில்’ ஆகியவையும் இப்படி இரண்டு வேலையும் செய்பவை என்பதால், அச்சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் கோடிடும் பழக்கம் பிள்ளைகளை ஏமாற்றிவிடும். அதன்பின் இணைப்புச் சொல்லைப் பார்க்கலாம்: ‘அண்ட்’, ‘பட்’, ‘ஆர்’ ஆகியவை சமமான தொடர்களை இணைப்பவை, ‘பிகாஸ்’, ‘தோ’, ‘இஃப்’, ‘அன்லெஸ்’ முதலியன ஒன்றை மற்றொன்றுக்குள் அடக்குபவை.

சார்புத் தொடர் வாக்கியத்தின் நடுவில் வரும்போதுதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ‘த பாய் ஹூ புரோக் த விண்டோ ரேன் அவே’ என்று கொடுத்தால் ‘த விண்டோ ரேன் அவே’ என்று பிரித்து, ஜன்னலையே ஓடவிடும் விடைத்தாள்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். ‘ஹூ’ முதல் ‘விண்டோ’ வரை விரலால் மறைத்துப் படிக்கச் சொன்னால் போதும்.

பதில்: நெய்தல்

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தமிழில் ‘மழை பெய்தால் வரமாட்டேன்’ என்னும்போது நிபந்தனை வினையின் ஈற்றிலேயே அடங்கிவிடுகிறது. ‘பெய்தால்’ என்பது முற்றுவினையும் அன்று. ஆங்கிலத்திலோ சார்புத் தொடருக்கும் தனி எழுவாயும் காலம் காட்டும் வினையும் வேண்டும். நம் பிள்ளைகள் ‘பிகாஸ் ரெய்னிங்’ என்று எழுவாயையும் துணைவினையையும் விட்டுவிடுவதற்கு இந்த வேறுபாடு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. எதிர்காலச் செய்தி என்பதால் ‘இஃப் இட் வில் ரெய்ன்’ என்று எழுதுவதும் உண்டு. அங்கே ‘இஃப் இட் ரெய்ன்ஸ்’ என்று நிகழ்காலமே வரும். ‘தோ’ போட்டுத் தொடங்கிய வாக்கியத்தில் மறுபடி ‘பட்’ சேர்ப்பதையும் கவனியுங்கள். இரண்டில் ஒன்று போதும்.

பதில்: தேம்ஸ்கரைத் தமிழன்

இங்கிலாந்தில் 2014 முதல் நடைமுறையில் உள்ள பாடத்திட்டத்தின்படி இரண்டாம் ஆண்டிலேயே ‘வென்’, ‘இஃப்’, ‘தட்’, ‘பிகாஸ்’ ஆகியவற்றால் வாக்கியங்களை இணைக்கப் பழக்குகிறார்கள். சார்புத் தொடர் என்ற கலைச்சொல் மூன்றாம் ஆண்டிலும், ‘ஹூ’, ‘விச்’ கொண்டு தொடங்கும் தொடர்கள் ஐந்தாம் ஆண்டிலும் வருகின்றன. பயன்படுத்திப் பழகிய பின்பே பெயர் என்ற இந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. வட்டமிடும் பயிற்சி தேர்வுக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு சிறு வாக்கியங்களைக் கொடுத்து ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’, ‘வென்’ ஆகியவற்றால் மாற்றி மாற்றி இணைக்கச் சொல்வதை நான் முதலில் வைப்பேன். சார்புத் தொடர் முன்னால் வந்தால் காற்புள்ளி தேவை, பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை என்பதும் அந்த வேலையிலேயே கைவந்துவிடும்.

கொன்றைப்பூ

அனைவருக்கும் நன்றி. வட்டமிடும் முறை அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘வாட் ஹீ செட் இஸ் ட்ரூ’ என்பதில் சார்புத் தொடரை நீக்கினால் ‘இஸ் ட்ரூ’ மட்டும்தானே மிஞ்சுகிறது? அப்படியானால் முதன்மைத் தொடர் எது?

ஓய்வுபெற்ற ஆசிரியர்

இங்கே ‘வாட் ஹீ செட்’ என்பதே ‘இஸ்’ என்ற வினைக்கு எழுவாய். அதை நீக்கினால் எழுவாயே போய்விடும். முழு வாக்கியமும் முதன்மைத் தொடர், சார்புத் தொடர் அதற்குள் ஓர் உறுப்பு என்று கொள்ள வேண்டும். முன்பு செய்தது போலவே ‘இட்’ வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ‘இட் இஸ் ட்ரூ’. எட்டாம் வகுப்புக்கு இதற்கு மேல் தேவைப்படாது.