மறு: ‘வாசிப்பு நிலைக் குழு’ போதாதா?

> ‘ரீடிங் குரூப்’ என்பதற்கு ‘வாசிப்பு நிலைக் குழு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பொருள் விளங்குகிறதே.

வணக்கம் ஐயா. வகுப்பில் வாசிப்புப் பயிற்சிக்காகப் பிள்ளைகளைப் பிரிக்கிற சிறு குழுவுக்குத்தானே தமிழ்ப் பெயர் தேடுகிறோம். நீங்கள் சொல்வது விளங்குகிறது, அதுதான் சிக்கல். ‘நிலை’ என்றதுமே பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறது. 2022இல் தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது, பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று அழகாகத்தான் பெயர் வைத்தார்கள். எங்கள் மன்னார்குடிப் பக்கம் ரேஷன் கடை வரிசையில் ஒரு அம்மா, “எம் புள்ள இன்னும் அரும்புலதான் கெடக்கு” என்றார். பூவின் பெயருக்கே இந்தக் கதி.

போன வாரம் நான்காம் வகுப்பில் இருவரைத் தனித்தனியே 50 சொல் பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்லி, இடறிய இடங்களைக் குறித்தேன். பையனுக்கு இரண்டே பிழை, 96 விழுக்காடு. புத்தகத்தை மூடிவிட்டு ‘மதகை ஏன் இறக்கினார்கள்?’ என்றால் முழிக்கிறான். பெண்ணுக்கு ஏழு பிழை, 86. ‘வாய்க்கால்’ வருகிற இடமெல்லாம் ‘வாய்கால்’. ஆனால் கதை முழுக்கத் தெரிகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வராமல் அவள் தாத்தா போட்ட சண்டையையும் சேர்த்தே சொன்னாள். இப்படிப் பிழை குறிக்கும் முறைதான் நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே தந்த ‘ரன்னிங் ரெக்கார்டு’. அந்தக் கணக்கில் 90க்குக் கீழே போனால் அந்தப் பத்தி அவளுக்குக் கடினம். சரி, பத்தியை மாற்றலாம். அதற்காக அவளைக் கடைசிக் குழுவில் போடுவானேன்? ஒற்றெழுத்தில் இடறும் நாலு பேரோடு இரண்டு வாரம் உட்காரட்டும். அப்புறம் அந்தக் குழுவே கலைந்துவிடும். பையன் சேர வேண்டிய குழு வேறு. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றுகிற மொத்த மதிப்பெண்ணில் இதெல்லாம் தெரியாது.

அதனால் நான் சொல்வது: படிகுழு. குடிதண்ணீர் மாதிரி வினைத்தொகை. படித்த, படிக்கிற, படிக்கும் குழு. முக்காலமும் உள்ளே இருப்பதால் இன்றிருக்கிற குழு நாளைக்கும் இருக்க வேண்டியதில்லை. நேற்று ஒருவர் சொன்ன ‘மாறுகுழு’வும் வினைத்தொகைதான், ஆனால் என் காதில் மாறுகண் என்றே விழுகிறது.

ஒன்று மட்டும். நடுவில் ‘க்’ போட்டுப் ‘படிக்குழு’ ஆக்கிவிடாதீர்கள். போட்டால் அது ஏணிப்படி ஆகிவிடும். வாசல் வழியே அனுப்பிய ‘நிலை’ கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த ஒரு சொல்லில் அந்தப் பெண் வாசிக்கிற மாதிரிதான் எழுத வேண்டும்.