ஜப்பானிய வினைகள்: வகுப்பில் குழு 2, அகராதியில் வி1. ஏன் இந்தக் குழப்பம்?

சத்துவாச்சாரி_மாணவி:
காட்பாடியில் வார இறுதி ஜப்பானிய வகுப்புக்குப் போகிறேன். டிசம்பரில் சென்னையில் ஜப்பானிய மொழித்திறன் தேர்வான ஜேஎல்பிடியில் என்5 (தொடக்க நிலை) எழுதும் எண்ணம். வகுப்பில் வினைகளைக் குழு 1, 2, 3 என்று பிரிக்கிறார்கள். செயலியில் உ-வினை, ரு-வினை. இணைய அகராதியில் வி1, வி5ஆர், வி5எம், விகே. சில காணொளிகளில் கொதான், இச்சிதான். எல்லாம் ஒன்றுதானா? இன்னொன்று: தபெரு (சாப்பிடு) ரு-வினை, ஆனால் அதே ‘எரு’வில் முடியும் கஎரு (வீடு திரும்பு) உ-வினையாம். எப்படிக் கண்டுபிடிப்பது?

பாலாற்றங்கரை:
பிரிவு ஒன்றுதான், பெயர்கள்தான் வேறு. ஆனால் எண்களில் கவனம் வேண்டும், நிறையப் பேர் சறுக்குவது அங்கேதான். அகராதியின் வி1 என்பது குழு 1 இல்லை, குழு 2! அந்த 1 இச்சிதானைக் குறிக்கிறது, அதாவது ஒரே படி. வி5 என்பது கொதான், ஐந்து படி. அதுதான் குழு 1, அதுதான் உ-வினை. குழு 3இல் சுரு (செய்), குரு (வா) இரண்டும்தான். குருவுக்கு விகே, சுருவுக்கு விஎஸ்-ஐ என்று போட்டிருக்கும்.

யொமு (வாசி) எப்படி மாறுகிறது பாருங்கள்: யொமநை (எதிர்மறை), யொமிமசு (மரியாதை வடிவம்), யொமு (அகராதி வடிவம்), யொமெப (வாசித்தால்), யொமோ (வாசிப்போம்). ‘ம்’ அப்படியே நிற்க, அதன்மேல் அ, இ, உ, எ, ஒ என ஐந்து உயிரும் ஏறி வருகின்றன. தபெரு அப்படியில்லை: தபெநை, தபெமசு, தபெரெப. ‘தபெ’ அசையவே இல்லை, ‘ரு’ வெறும் ஒட்டு. கஎருவில் அந்த ‘ர்’ வேரின் பகுதி, அதனால் கஎரநை, கஎரிமசு. ஆக, முடிவைப் பார்த்து வகை சொல்லக் கூடாது. எதிர்மறையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘ரநை’ வந்தால் குழு 1, ‘ர’ இல்லாமல் நேராக ‘நை’ ஒட்டினால் குழு 2.

அகராதி வடிவம் மட்டும் கையில் இருந்தால்: ‘ரு’ தவிர வேறு எதில் முடிந்தாலும் குழு 1. ‘ரு’வுக்கு முன் அ, உ, ஒ இருந்தாலும் (அரு, ட்சுகுரு, நொரு) குழு 1, சுரு, குரு தவிர. சந்தேகம் ‘இரு’, ‘எரு’ முடிவுகளில் மட்டும். அவற்றில் பெரும்பாலானவை குழு 2. விலகி நிற்பவற்றில் தொடக்கத்திலேயே தேவைப்படுபவை கஎரு, ஹைரு (நுழை), ஹஷிரு (ஓடு), ஷிரு (அறி), கிரு (வெட்டு), இரு (தேவைப்படு), ஷபெரு (பேசு), சுபெரு (வழுக்கு), ஹெரு (குறை). இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

கிருவில் இரட்டை உண்டு. வெட்டு என்றால் கிரிமசு, கித்தெ (‘வெட்டி’ என்ற எச்சம், இதுதான் ‘தெ’ வடிவம்). உடுத்து என்றால் கிமசு, கிதெ. கஎருவிலும் அப்படியே: திரும்பு என்றால் கஎத்தெ, மாற்று என்றால் கஎதெ.

ராணிப்பேட்டை_என்3:
வகுப்புகள் ‘மசு’ வடிவத்தில் தொடங்குவதால் அந்தப் பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். மசுவுக்கு முன் ‘எ’ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு குழு 2. ‘இ’ இருந்தால் பெரும்பாலும் குழு 1, ஆனால் மிமசு, இமசு, ஒகிமசு, கரிமசு, அபிமசு, ஒரிமசு, தெகிமசு, தரிமசு எல்லாம் குழு 2. என்5, என்4 வரை இந்தச் சிறு பட்டியலே பெரும்பகுதியைச் சமாளிக்கும்.

அகராதியில் 5க்குப் பின் வரும் எழுத்தை விட்டுவிடாதீர்கள். ‘தெ’ வடிவம் அதில்தான் ஒளிந்திருக்கிறது. எம், பி, என் என்றால் ‘ந்தெ’ (யொமு, யொந்தெ). ஆர், டி, யு என்றால் ‘த்தெ’. எஸ் என்றால் ‘ஷிதெ’. கே, ஜி இரண்டுக்கும் ‘இ’ வரும், ஆனால் ஜியில் கடைசி ஒலி ‘தந்தம்’ என்பதன் முதல் ஒலி இல்லை, ‘பந்தம்’ என்பதன் நடு ஒலி. இகு (போ) மட்டும் வி5கே-எஸ் என்று தனி முத்திரையோடு நிற்கும், ஏனென்றால் அது இத்தெ ஆகிறது.

தமிழ் எழுத்தில் குறிப்பு எடுப்பவர்களுக்கு இங்கே பெரிய ஆபத்து. எழுது என்பதும் முகர் என்பதும் நம் எழுத்தில் ‘ககு’தான்; ஒன்று கே, மற்றது ஜி. கித்தெ, கிதெ வித்தியாசமும் அவசரக் கையெழுத்தில் தொலைந்துபோகும். வினைப் பட்டியலை முதல் நாளிலிருந்தே ஹிரகனாவில் (ஜப்பானிய அசை எழுத்தில்) வையுங்கள்.

சத்துவாச்சாரி_மாணவி:
நன்றி, வி1 விஷயம் இப்போதுதான் பிடிபட்டது. ஜப்பானியப் பள்ளிகளில் ஐந்து வகை என்று படித்தேனே, அது எது?

பாலாற்றங்கரை:
இச்சிதானையே இரண்டாக்குவார்கள்: மிரு போல ‘இ’யில் நிற்பது மேல் ஒருபடி, தபெரு போல ‘எ’யில் நிற்பது கீழ் ஒருபடி. நடுவில் ‘உ’வை வைத்தால் ‘இ’ மேலே, ‘எ’ கீழே. கொதான், சுரு, குரு சேர்ந்தால் ஐந்து. இரண்டு ஒருபடியும் ஒரே மாதிரிதான் மாறும், உங்கள் தேர்வுக்கு அந்தப் பிரிப்பு வேண்டாம்.

இந்த எண்முறை நமக்குப் புதிதும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் ‘அழி-தல்’ பக்கத்தில் 4, ‘அழி-த்தல்’ பக்கத்தில் 11 என்று இருக்கும். வேர் ஒன்றே, ஆனால் அழிந்தது, அழித்தது என்று இறந்தகாலம் பிரிவதை அந்த எண் காட்டிவிடுகிறது. வி1, வி5ஆர் செய்யும் வேலையும் அதுவே. ஒவ்வொரு புது வினையையும் அகராதி வடிவம், நை, தெ என மூன்றாக எழுதி வையுங்கள், முத்திரையைப் பார்க்காமலே வகை தெரிந்துவிடும்.