செக்ரோல் எழுதின கையால் எழுதிய இன்னொரு நோட்டு

மலைக்காரர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இரட்சிப்பு தேவன் இலவசமாகத் தரும் கிருபையாலா, நாம் செய்கிற கிரியையாலா (நற்செயலாலா) என்று வசனத்தோடு வாதாட இங்கே பலர் இருக்கிறீர்கள். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் 17 வருஷம் ரைட்டராக இருந்தேன். செக்ரோல், அதாவது கூலியாட்களின் வருகைப் பதிவு, எழுதுவதுதான் முக்கிய வேலை. யார் முழு நாள், யார் அரை நாள், யார் வரவில்லை. பழம் எடுக்கிற சீசனில், நவம்பர் தொடங்கி ஜனவரி வரைக்கும், சாயங்காலம் தராசுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பெண்ணின் சாக்கையும் எடை போட்டு எழுத வேண்டும். பச்சைக் காய் கலந்திருந்தால் கீழே கொட்டிப் பொறுக்கச் சொல்வேன். அதில் நான் கொஞ்சம் கறார்.

அதே கையால் வீட்டில் இன்னொரு நோட்டு எழுதினேன். உபவாசம் இருந்த வெள்ளிக்கிழமைகள், முழங்காலில் நின்ற நிமிஷங்கள், வாசித்த அதிகாரங்கள். வேதாகமத்தில் 1189 அதிகாரம். தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். தவறிய நாளுக்குச் சிவப்பு மை. மறுநாள் இரட்டிப்பாக வாசித்து ஈடுகட்டுவேன். நான் செக்ரோல் எழுதுகிற மாதிரி மேலேயும் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு லெந்தில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், 22ஆம் நாள். பாய் வீட்டுக் கல்யாணம். பிரியாணி வாசத்துக்கு முன்னால் விரதம் நிற்கவில்லை. அந்த வாரமே சேலத்துக்கு இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் வண்டி சறுக்கி முட்டி பெயர்ந்துவிட்டது. ஏதோ லாரி சிந்திவிட்டுப் போன டீசல். விழுந்து கிடந்த எனக்கு டீசல் தெரியவில்லை, பிரியாணிதான் தெரிந்தது.

கட்டுப் போட்ட காலோடு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். வசனம் வாசிக்கச் சொன்னார்கள். வந்தது மத்தேயு 20, திராட்சத்தோட்டத்து வேலையாட்கள். விடிகாலை வந்தவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரு பணம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கூலிக்காரர்கள். சும்மா இருப்பார்களா? ஒரு சின்னப் பெண் சட்டென்று, "அப்படின்னா நாளையிலிருந்து நானும் சாயங்காலம் அஞ்சு மணிக்கே வர்றேன் ரைட்டரய்யா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் அது அநியாயமாகத்தான் பட்டது.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, மூட்டை தூக்கித் தூக்கித் தோள் ஒரு பக்கம் சாய்ந்தவர், "திரும்ப ஒருக்கா வாசிங்கய்யா" என்றார். "நீங்கள் பகல் முழுவதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன" என்ற இடத்தில் கை காட்டி நிறுத்தினார்.

"சும்மாவா? வேலை கெடைச்சவளுக்குக் கை வலிக்கும், அவ்வளவுதான். கெடைக்காம முக்குல நிக்கிறவளுக்கு இன்னைக்கு ஒலை வைக்க முடியுமான்னே தெரியாது. நான் நின்னுருக்கேன்."

அப்புறம் கேட்டார்: "அந்தத் தொரைக்குக் காரியக்காரன் இல்லையா? ஆளெடுக்கத் தானே எறங்கி வர்றாரே."

இருந்தான். எட்டாம் வசனத்தில் கூலி கொடுக்கவே அவன் வருகிறான். கதையில் அவன்தான் நான். ஆனால் ஆளெடுக்க அவனை அனுப்பவில்லை. விடிகாலை, அதிலிருந்து எண்ணி மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பது, பதினொன்று என்று ஐந்து தடவையும் எஜமானே சந்தைக்கு வந்திருக்கிறார். நாற்பது வருஷம் அந்தப் பகுதியைக் கேட்டிருக்கிறேன். எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டேனே தவிர, அவர் நடந்த நடையை எண்ணினதில்லை.

செவ்வாய்ப்பேட்டை சகோதரி:

அண்ணா, அந்தச் சின்னப் பெண் கேட்டதையே பவுல் ரோமர் 6இல் கேட்கிறார். கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று. எங்கள் வீட்டில் ஒருவர் நிலைநின்றார்!

கொலுசுப் பட்டறையில் கூலிக்குச் சலங்கை வைத்துச் சேர்த்த சீட்டுப் பணம் 80,000. சொந்தக்காரர் கைமாற்று வாங்கினார். அப்புறம் ஒரு நாள் சபையில் சாட்சி சொன்னார், "என் கடனையெல்லாம் கர்த்தர் ரத்து பண்ணிட்டார்" என்று. எல்லாரும் அல்லேலூயா. நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதம் சபைப் பக்கமே போகவில்லை. கிருபை என்ற வார்த்தையே கசந்தது.

எனக்குப் பிடிமானமாக இருந்தது லூக்கா 19இல் வருகிற வரி வசூலிக்கும் சகேயு. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். ஆனால் எப்போது சொன்னான் பாருங்கள். இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகு. பணத்தைக் கட்டு, அப்புறம் வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அதே மாதிரி, வந்த பிறகு சகேயு சும்மா இருக்கவும் இல்லை. எங்கள் சொந்தக்காரர் வீட்டுக்கு யார் வந்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. பணமும் வரவில்லை.

நோட்டை என்ன செய்தீர்கள் அண்ணா?

அரிசிப்பாளையம்:

நான் கத்தோலிக்கன். நீங்கள் கிருபை என்பதை நாங்கள் அருள் என்போம். பள்ளிக்கூடத்தில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியப் புராட்டஸ்டண்ட் சபை) பையன்கள் "நீங்க புண்ணியம் சேத்து மோட்சம் போற ஆளுங்க" என்று கிண்டல் செய்வார்கள். மார்ட்டின் லூத்தர் 1517இல் கத்தோலிக்கத் திருச்சபையோடு ஆரம்பித்த சண்டை எங்கள் பெஞ்சு வரைக்கும் வந்திருந்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் வத்திக்கானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டன: நம் தகுதியால் இல்லை, அருளால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், நற்செயல் அதிலிருந்து வருவது. 2006இல் மெத்தடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பையன்களில் ஒருவனுக்கு இதைச் சொன்னேன். "அப்போ இத்தனை நாள் எதுக்குடா சண்டை போட்டோம்?" என்றான்.

பக்கத்து வீட்டு ஐயங்கார் மாமாவிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. வடகலை, தென்கலை என்ற இரண்டு பிரிவாக அவர்களுக்குள்ளும் இந்தச் சண்டை உண்டாம். வடகலைக்குக் குரங்குக்குட்டி, தாயை அதுதான் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்கலைக்குப் பூனைக்குட்டி, தாயே கவ்விக்கொண்டு போகும். எங்கள் பரணில் பூனை குட்டி போட்டபோது கவனித்தேன். தாய் கழுத்தைக் கவ்வினதும் குட்டி காலை மடக்கிக்கொண்டு துள்ளாமல் தொங்குகிறது. "துள்ளாம இருக்கிறதும் ஒரு முயற்சிதானே மாமா?" என்றேன். "நீ வடகலைடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மலைக்காரர்:

தங்கச்சி, நோட்டைக் கிழிக்கவில்லை. நல்ல கெட்டி அட்டை நோட்டு, மனசு வரவில்லை. மீதிப் பக்கங்களில் இப்போது பால் கணக்கு ஓடுகிறது. வெள்ளிக்கிழமை உபவாசம் இன்னும் உண்டு. எத்தனையாவது வெள்ளி என்று கேட்டால் தெரியாது.